வளர்க்கப் பிள்ளை கேட்டால் தருவார்களா?

கேள்வி: எனக்கு 47, கணவருக்கு 52. மகன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். காப்பகத்துப் பிள்ளை ஒன்றை வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல், வீட்டில் வைத்து வளர்ப்பது) அழைத்துவர ஆசை. நாங்கள் நகரத்தார். பங்காளிகளோ, "பிள்ளை கூட்டுவதென்றால் நம் கோயிலுக்குள்ளேயே (நம் கோயில் பிரிவுக்குள்ளேயே) பார்" என்கிறார்கள். நாங்கள் எப்படித் தயாராவது? – வாசகி, காரைக்குடி

பதில்: பங்காளிகள் சொல்வது வேறு காரியம். பிள்ளை கூட்டினால், அதாவது நம் முறைப்படி தத்தெடுத்தால், வாரிசு, புள்ளி (கோயில் கணக்கில் ஒரு குடும்பம்), சொத்து எல்லாம் வரும். வளர்ப்புப் பராமரிப்பில் எதுவும் மாறாது, இனிஷியல் உட்பட. பெற்றவர்களின் நிலைமை சீரானால் குழந்தைகள் நலக்குழு பிள்ளையைத் திருப்பி அனுப்பலாம். இதைப் பங்காளிகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பிணக்கு தீரும்.

வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய அரசின் 2024 நெறிமுறைப்படி தம்பதியின் வயதைக் கூட்டினால் 70க்குக் குறையக் கூடாது, உங்களுக்கு 99. பிள்ளைக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும். மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதியலாம். அது சிரமமென்றால் சிவகங்கையிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நேரில் அணுகுங்கள் (திருமயம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை). அடையாளம், முகவரி, வருமானம், மருத்துவச் சான்றுகளைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது வீட்டு ஆய்வு. நம் ஊர் வீடுகள் சிக்கலாவது இங்கேதான். வீட்டின் அளவைப் பார்த்து யாரும் மயங்கமாட்டார்கள். கிணற்றுக்கு இரும்பு வலை, மாடிப்படிக்குக் கைப்பிடி, மழையில் வழுக்கும் முற்றத்தில் தடுப்பு எல்லாம் முன்னதாகவே வேண்டும். பல புள்ளிகள் சேர்ந்த வீடென்றால் யாரிடமெல்லாம் சாவி இருக்கிறது, விசேஷத்துக்கு யார் வந்து தங்குவார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை படுக்கும் அறை உங்கள் அறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஆளில்லாத இரண்டாம் கட்டுப் பகுதியில் (வீட்டின் பின்பகுதி) படுக்கவைத்தால் எந்தப் பிள்ளைக்கும் பயம் பிடிக்கும்.

வந்த புதிதில் சில பிள்ளைகள் சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பார்கள், படுக்கையை நனைப்பார்கள். திருட்டுமல்ல, திமிருமல்ல, அடுத்த வேளை கிடைக்குமா என்ற பழைய பயம். சீடை, மனகோலம் போட்ட டின்னைப் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், கேட்காமல் எடுக்கட்டும். மெத்தைக்கு ரப்பர் விரிப்பு போட்டு, காலையில் பேச்சில்லாமல் மாற்றிவிடுங்கள். நாளாகியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். "உன் அம்மா சரியில்லை" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. வீட்டுக்கு வரும் ஆச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

பெயரை மாற்றாதீர்கள். கல்யாண வீட்டுப் படத்தில் பிள்ளை இருந்தால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015, 74ஆம் பிரிவின்படி குற்றம். மாதந்தோறும் ஆய்வுக்கு வருவார்கள், முகம் சுளிக்காதீர்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அதை நம்பிச் செலவுத் திட்டம் போட வேண்டாம்.

கேள்வி: வயது 41, மணமாகாதவன். பெண் குழந்தையை வளர்க்கலாமா? பிறகு தத்தெடுக்க முடியுமா? – வாசகர், தேவகோட்டை

பதில்: தனி ஆணிடம் பெண் குழந்தையைத் தரமாட்டார்கள். ஆண் பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளையென்றால் உங்களுக்கு 35 முதல் 55 வரை, 12 முதல் 18 என்றால் 60 வரை. சட்டப்படி தத்துக்குரிய பிள்ளையாக அறிவிக்கப்பட்டிருந்தால், இரண்டாண்டுகள் உங்களிடம் வளர்ந்த பின் தத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அறிவிப்பு இருக்கிறதா என்பதைப் பிள்ளையை அழைத்துவரும் முன்பே அலகில் கேட்டுக்கொள்ளுங்கள்.