தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானப் பயண நேரம் ஏன் கிடைப்பதில்லை?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் நேரம், பயணச்சீட்டில் உள்ள நேரத்தைவிடக் குறைவாக இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றையே அளப்பதில்லை.

இணையத்தில் கிடைக்கும் தூரம் பெரும்பாலும் பெருவட்டத் தூரம், அதாவது பூமியின் உருண்டைப் பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையமும் மாட்ரிட் விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருந்தாலும், அந்த ரேகை வழியே நேர்கிழக்காகப் பறந்தால் சுமார் 5,930 கிலோமீட்டர் கடக்க வேண்டும். வடக்கே 46 பாகை வரை ஏறி இறங்கும் பெருவட்டப் பாதையிலோ சுமார் 5,770 கிலோமீட்டர்தான்.

நேரத்தைப் பெரிதும் மாற்றுவது காற்று. நடு அட்சரேகைகளில், பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே எந்தத் திசையில் சென்றாலும் தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர்தான் என்றாலும், மேற்கு நோக்கிய பயணம் கிழக்கு நோக்கிய பயணத்தைவிட வழக்கமாக ஒரு மணி நேரம் போல அதிகமாகிறது. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று, புயலையொட்டிய பலத்த பின்காற்றின் உதவியால், நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. அப்போது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அந்த விமானம் ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை, ஏனெனில் அதைச் சூழ்ந்த காற்றே அதே திசையில் ஓடிக்கொண்டிருந்தது. இதனால்தான், போக ஆகும் நேரத்தையே திரும்பி வரவும் ஆகும் நேரமாகக் கொள்ள வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன்.

வான்வெளித் தடைகளும் உண்டு. ரஷ்ய வான்வெளி 2022இல் மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரம் போல இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. பெருவட்டத் தூரம் மட்டும் மாறவே இல்லை.

குறுகிய பயணங்களில் காற்றைவிடத் தரைதான் முக்கியம். அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துமிடத்தை அடைவதில் முடிகிறது. 400 கிலோமீட்டரை 900ஆல் வகுத்தால் 27 நிமிடமே வரும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், மெதுவாக ஏறி இறங்குவதும் சேர்ந்து அதை ஒரு மணி நேரமாகவோ அதற்கு மேலாகவோ ஆக்கிவிடுகின்றன. தோராயமாக அறிய வேண்டுமானால் தூரத்தை 850ஆல் வகுத்து, அதனுடன் 40 நிமிடம் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள் என்பதால், இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழித்துப் பாருங்கள்.