காசு கொடுத்தவருக்கு மட்டும் பூட்டு

கேள்வி: சில வருடங்களாக ஓர் ஆன்லைன் கடையில் தமிழ் மின்னூல்கள் வாங்கிச் சேர்த்தேன். இப்போது வேறு கம்பெனியின் மின்னூல் ரீடருக்கு மாறிவிட்டேன். பழைய புத்தகம் ஒன்றுகூட அதில் திறக்கவில்லை. காலிபர் என்ற மென்பொருளில் போட்டு, பல ரீடர்களில் திறக்கும் இபப் வடிவத்துக்கு மாற்றப் பார்த்தால், டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு) இருக்கிறது என்று கையை விரிக்கிறது. நான் வாங்கிய புத்தகத்தின் பூட்டை நானே உடைத்தால் திருட்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: என் கணக்கில் திருட்டு இல்லை. சட்டத்தைக் கேட்டால், 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. தன் ரீடரில் தானே படிக்கத் திறப்பவர் அதில் மாட்டுவது கடினம். ஆனால் கடையின் நிபந்தனையை மீறியவர் ஆவீர்கள். அந்த நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. படித்திருந்தால், உங்களுக்கு விற்றது புத்தகத்தை அல்ல, படிக்கும் அனுமதியை என்று அப்போதே தெரிந்திருக்கும்.

அனுமதி என்றால் திரும்பப் பெறலாம். 2009 ஜூலையில், பழைய எழுத்துகளை அரசு அழிப்பதைப் பற்றிய ஆர்வெலின் ‘1984’ நாவலையே, வாசகர்களிடம் இருந்த தன் கிண்டில் ரீடர்களிலிருந்து அமேசான் சத்தமில்லாமல் அழித்தது. அதைக் கடையில் ஏற்றியவருக்கு விற்கும் உரிமை இல்லையாம். காசைத் திருப்பிக் கொடுத்து, அப்புறம் அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் காசு வந்தது, புத்தகங்கள் போயின. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 25 டாலர்!

வடிவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இபப் என்பது இணையப் பக்கங்களை ஜிப் கட்டி வைத்த பொது வடிவம். மோபி, ஏஇசட்டபிள்யூ3, கேஎஃப்எக்ஸ் ஆகிய வடிவங்கள் அமேசான் வீட்டுப் பிள்ளைகள், மோபி மட்டும் தத்தெடுத்தது. பூட்டு இல்லாவிட்டால், மோபியை இபப் ஆக்குவது காலிபருக்கு ஒரு நிமிட வேலை. கோவித் கோயல் 2006இல் சோனி ரீடருக்காக எழுத ஆரம்பித்த இலவச மென்பொருள் அது. (தமிழ் பிடிஎஃப்பை மட்டும் அதில் போடாதீர்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும்.)

பூட்டு கள்ளப் பிரதியைத் தடுக்கிறது என்று நம் பதிப்பாளர்கள் சொல்வார்கள். டெலிகிராமில் சுற்றும் தமிழ் பிடிஎஃப்களைப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் எடுத்தவை. மின்னூலில் போட்ட பூட்டு அங்கே என்ன செய்யும்? ஆங்கிலத்தில் டோர் பதிப்பகம் 2012இல் டிஆர்எம்மைக் கைவிட்டது. ஒரு வருடம் கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அதன் பிரிட்டன் பிரிவே அறிவித்தது. இலவசமாக இறக்குபவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. காசு கொடுத்த நீங்கள்தான் சட்டப் பிரிவு பற்றி எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

எப்படி உடைப்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள், இந்தப் பக்கத்தில் வராது. இனி வாங்கும் முன் விவரப் பகுதியில் டிஆர்எம் இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிண்டிலில் நூலை ஏற்றும்போது, பூட்டு வேண்டுமா என்று ஏற்றுபவரைத்தான் கேட்கிறார்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்த எழுத்தாளருக்கே எழுதிக் கேளுங்கள், பூட்டியது அவரா, பதிப்பாளரா என்று. பூட்டு வேண்டுமா என்ற கேள்விக்குத் தாங்கள் பதில் சொன்னது பல பேருக்கு நினைவே இருக்காது.