எஸ்தோனியா போகிறேன், ரஷ்ய மொழி தெரிந்தால் போதாதா? ரஷ்யம், எஸ்தோனியம் இரண்டு மொழிகளும் எங்கெங்கே பேசப்படுகின்றன?

நீங்கள் படிக்கப் போகிறவர் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ‘25 கோடிப் பேர் பேசும் மொழியை விட்டுவிட்டு 11 லட்சம் பேர் பேசும் மொழியை ஏன் கற்க வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். 2017-ல் நானும் இதே கணக்கைப் போட்டவன். சென்னையில் என்னை அனுப்பிவைத்த ஏஜென்ட், ‘பழைய சோவியத் நாடுதானே தம்பி, ரஷ்யன் போதும்’ என்றார். நம்பி மூன்று மாதம் ரஷ்ய வகுப்புக்குப் போனேன்.

எண்ணிக்கையில் தப்பில்லை. ரஷ்யா தவிர பெலாரஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தானிலும் ரஷ்ய மொழிக்கு அரசு அங்கீகாரம் உண்டு. உக்ரைன், லாத்வியா, இஸ்ரேல், ஜெர்மனி என எங்கும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. எஸ்தோனிய மொழியை அரசு மொழியாகக் கொண்ட நாடு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். 2004-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளிலும் சேர்ந்திருக்கிறது. 1944-ல் சோவியத் படைக்கு அஞ்சிப் படகேறியவர்களின் வாரிசுகள் ஸ்வீடனிலும் கனடாவிலும் கொஞ்சம் பேர், வேலைக்குப் போனவர்கள் பின்லாந்தில் கொஞ்சம் பேர். அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் போவது எஸ்தோனியாவுக்குள். அங்கே நாலில் ஒருவருக்கு மேல் தாய்மொழி ரஷ்யம். அவர்கள் நாடு முழுக்கப் பரவி இல்லை. கிழக்கே எல்லையோரம் இடா-விரு மாவட்டம், தலைநகர் தாலினில் லாஸ்னமாயே மாதிரி அடுக்குமாடிப் பகுதிகள், பெய்ப்சி ஏரிக்கரையில் பல தலைமுறையாக வாழும் பழைய ரஷ்யக் கிராமங்கள், முக்கியமாக இவ்வளவே. சாரெமா தீவுக்குப் போனால் ரஷ்யம் காதில் விழுவதே அபூர்வம். நான் போய் இறங்கிய தார்த்து நகரில் பெரும்பாலும் எஸ்தோனியம்தான்.

தார்த்துவில் சூப்பிலின் என்ற பகுதியில் அறை கிடைத்தது. பழைய மரவீடுகள், தெருக்களுக்குப் பட்டாணி, அவரை, உருளைக்கிழங்கு என்று பெயர்கள். வீட்டுக்கு விறகு அடுப்புதான் சூடு. எனக்கு அதை மூட்டத் தெரியவில்லை, அறை முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, புகைபோக்கியின் தகட்டை இழுத்துத் திறந்து, பிர்ச் மரப் பட்டையை உரித்து அடியில் வைத்து ஒரே குச்சியில் மூட்டிக் கொடுத்தார். ரஷ்யத்தில் ‘ஸ்பசீபா’, அதாவது நன்றி, என்றேன். கையில் இருந்த விறகை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, அதே நன்றியை எஸ்தோனியத்தில் ‘ஐத்தாஹ்’ என்றார். நான் திருப்பிச் சொல்லும்வரை போகவில்லை.

அவருக்கு ரஷ்யம் தெரியாது என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துக் குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம் தண்ணீர்பட்ட பாடாக ரஷ்யம் பேசினார்! அப்புறம்தான் சொன்னார். 1949 மார்ச்சில் எஸ்தோனியாவிலிருந்து 20,000-க்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி சைபீரியாவுக்கு நாடு கடத்தியது சோவியத் அரசு. அதில் அவரும் அவர் அம்மாவும். அப்போது அவருக்கு ஐந்து வயது. திரும்பும்போது பதின்மூன்று. பள்ளிக்கூடம், விளையாட்டு, அடி, பசி எல்லாம் ரஷ்யத்தில். ராத்திரி அம்மாவிடம் மட்டும் எஸ்தோனியம். ‘அது இரண்டு பேர் பேசிய மொழி, அந்த ஊரில்’ என்றார். அடுத்த வாரமே எஸ்தோனிய வகுப்பில் சேர்ந்தேன்.

உடனே ‘நீ ரஷ்யர்களுக்கு எதிரி’ என்று யாரும் பின்னூட்டத்துக்கு வர வேண்டாம். 2019-ல் நார்வாவுக்குப் போனேன். நாட்டின் மூன்றாவது பெரிய ஊர், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்யம் பேசுகிறவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஊரே தரைமட்டமாகி, பழைய குடிகளைத் திரும்ப விடாமல், சோவியத் அரசு ஆலைகளுக்காக ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ரஷ்யாவின் கோட்டை. ரொட்டிக் கடையில் என் எஸ்தோனியத்தில் கறுப்பு ரொட்டி கேட்டேன். கடைக்கார அம்மாவுக்கு முகம் சுருங்கியது. உள்ளேயிருந்து பேத்தியைக் கூப்பிட்டார். பத்து வயதுப் பெண் எனக்கும் பாட்டிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். பிறகு நானே அரைகுறை ரஷ்யத்தில் பேசவும், பாட்டி கையோடு ஒரு இனிப்பு பன்னையும் பொட்டலத்தில் வைத்தார். அந்தப் பாட்டி யாரையும் நாடு கடத்தவில்லை. சோவியத்திலிருந்து நாடு விடுபட்டு முப்பது வருஷம் நெருங்கியும் நாட்டின் மொழி அவருக்கு வரவில்லை என்பதும் உண்மை. 2024 முதல் ரஷ்யப் பள்ளிகளையும் படிப்படியாக எஸ்தோனிய வழிக்கு மாற்றுகிறார்கள். அந்தப் பெண் இரண்டிலும் தேறிவிடுவாள்.

கஷ்டமான மொழி, 14 வேற்றுமைகள் என்று பயமுறுத்துவார்கள். தமிழருக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ஊருக்குள் என்றால் ‘தார்த்துஸ்’, ஊரிலிருந்து என்றால் ‘தார்த்துஸ்த்’, நம் உருபுகள் மாதிரியே பின்னால் ஒட்டும். குறில் நெடில் மாறினால் பொருள் மாறுவதும் நமக்குப் பழக்கம். ‘சதா’ என்றால் நூறு, ‘சாதா’ என்றால் அனுப்பு.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தாலினுக்கு வேலைக்கு மாறியபோது வீட்டுக்காரர் ஒரு மாத வாடகை அட்வான்ஸைத் திருப்பித் தரவே இல்லை. சமையல் மேடையில் மஞ்சள் கறையாம். நான் எலுமிச்சை போட்டு இரண்டு நாள் தேய்த்த மேடை அது. போகும்போதே வீட்டை மூலைமுடுக்கெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்று எழுதுங்கள். தார்த்து என்றால் ரஷ்ய வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். நார்வா கல்லூரி என்றால் இரண்டும் வேண்டும், முதலில் எஸ்தோனியம்.