‘தோழமைக் கட்சி’, ‘கூட்டணிக் கட்சி’ இரண்டும் ஒன்றா? தோழமை என்ற சொல் அரசியலுக்குள் எப்படி வந்தது?

குறிக்கும் பொருள் ஒன்றுதான். யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஒரு தமிழ் நாளிதழில் பதினோரு ஆண்டுகள் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். தேர்தல் நெருங்கினால் மாலையில் கட்சி அறிக்கைகள் மேசையில் குவியும். ‘தோழமைக் கட்சித் தலைவர்களுடன் கலந்து பேசி’, ‘தோழமைக் கட்சிகளின் ஒத்துழைப்போடு’ என்று பத்திக்குப் பத்தி தோழமை வழியும். எங்கள் மூத்த உதவி ஆசிரியர் சிவப்பு மையால் அவற்றை அடித்துவிட்டு ‘கூட்டணி’ என்று எழுதுவார். இரண்டும் ஒன்றுதானே ஐயா என்று ஒருநாள் கேட்டேன். “அவர்களுக்கு அவர்கள் தோழர்கள். நமக்கு என்னப்பா உறவு?” என்றார். மேற்கோள் குறிக்குள் வந்தால் மட்டும் விட்டுவைப்பார்.

உங்கள் கேள்விக்கு அதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர் சொல்வது தோழமை. வெளியே நின்று கணக்கெடுப்பவர் சொல்வது கூட்டணி. கூட்டாளி ஒருவரே ஆட்சியைக் குறை சொல்ல நேர்ந்தால் ‘தோழமையுடன் சுட்டிக்காட்டுகிறோம்’ என்று தொடங்குவார், கவனித்திருப்பீர்கள். அந்த இடத்தில் ‘கூட்டணியுடன் சுட்டிக்காட்டுகிறோம்’ என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் நிற்காது.

கூட்டணியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கூட்டு, அணி. இந்த அணி கழுத்தில் போடும் அணி இல்லை, படை வரிசை. முன்னணியும் அதே போர்க்களத்துச் சொல்தான். ஆங்கிலப் பெயரில் ‘அலையன்ஸ்’ என்று இருந்தால் கூட்டணி, ‘ஃபிரண்ட்’ என்று இருந்தால் முன்னணி என்று பத்திரிகைகள் பிரித்துக்கொண்டன. 1998 இல் அமைந்தது தேசிய ஜனநாயகக் கூட்டணி; 1977 இல் மேற்கு வங்கத்தில் ஆட்சிக்கு வந்தது இடது முன்னணி. பல கட்சிகள் சேர்ந்தால்தான் கூட்டணி என்றும் இல்லை. நம் பள்ளி ஆசிரியர்களின் சங்கங்கள் சில ‘ஆசிரியர் கூட்டணி’ என்றே பெயர் வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் மூத்தவர் ஒருவர் ‘கூட்டணி’ என்று மொட்டையாகச் சொன்னால், 1976 இல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட தமிழர் விடுதலைக் கூட்டணியைத்தான் சொல்கிறார் என்று பொருள். பிறகு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ‘கூட்டமைப்பு’ ஆகிவிட்டது.

தோழமை அப்படி இல்லை, அதற்கு நீண்ட கதை உண்டு. தோள் கொடுப்பவன் தோழன் என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ள வேறு, ழ வேறு, எனவே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பறவைக் கூட்டத்துக்குப் பழந்தமிழில் ‘தொழுதி’ என்று ஒரு சொல் உண்டு. மாடுகள் சேர்ந்து அடையும் இடம் தொழுவம். தோழன் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருப்பான் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

சங்கப் பாடல்களில் தோழி காதலுக்குத் துணை நிற்பவள். அரசியலில் அவளுக்கு வேலை இல்லை. சைவத்தில் சுந்தரர் ‘தம்பிரான் தோழர்’. ஊடலில் இருந்த மனைவி பரவையாரிடம் சிவபெருமானையே இரவில் தூது அனுப்பும் அளவுக்கு அவருக்கு உரிமை இருந்தது. (இரவு நேரத் தூது இன்றைய தோழமைகளிலும் தொடர்வது தற்செயல்தான்.)

அரசியலும் தோழமையும் ஒரே வரியில் மோதிக்கொள்ளும் இடம் என்றால் எனக்குக் கம்பனின் குகன்தான் நினைவுக்கு வருவான். கங்கைக் கரையில் அவன் ஒரு சிறு தலைவன், ஆயிரம் படகுகளுக்கு நாயகன். ராமனுக்கோ ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. உறவு தொடங்கிய சூழலை இப்படிக் கணக்குப் பார்த்துச் சொன்னால் கம்ப ராமாயண அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் பரதன் பெரும் படையோடு வருவதைக் கண்டு, போருக்கு வருகிறான் என்று தவறாக எண்ணியபோது குகன் கேட்கும் கேள்வியில் கணக்கே இல்லை: ‘தோழமை என்றவர் சொல்லிய சொல்ஒரு சொல்லன்றோ?’ ராமன் சொன்ன ஒரே ஒரு சொல்லுக்காக அயோத்தியின் படையை மறிக்க ஆயத்தமாகிறான். பிற்பாடு வீடணன் வந்து சேரும்போது ராமன் எண்ணிக்கை சொல்கிறான்: குகனோடு ஐவர், சுக்ரீவனோடு அறுவர், உன்னோடு எழுவர். ஆனால் அந்த எண்ணிக்கை உடன்பிறந்தாருடையது. தோழனாகத் தொடங்கியவன் அங்கே தம்பியாகிவிட்டான்.

நம் கட்சிகள் அந்த இரண்டு உறவையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. கருணாநிதி முரசொலியில் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்கள் ‘உடன்பிறப்பே’ என்று தொடங்கின. சொந்தக் கட்சிக்காரர் உடன்பிறப்பு, பக்கத்துக் கட்சிக்காரர் தோழமை. உடன்பிறந்தவன் சண்டை போட்டாலும் உடன்பிறந்தவன்தான். தோழன் எழுந்து போய்விடலாம்.

‘தோழர்’ என்ற விளி நம் அரசியலில் வேரூன்றியதில் பெரியாருக்குப் பெரும் பங்கு உண்டு. 1931 டிசம்பரில் புறப்பட்டு, சோவியத் ரஷ்யா உட்படப் பல நாடுகளைச் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் ஊர் திரும்பிய அவர், வந்த கையோடு தம்முடைய ‘குடி அரசு’ இதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இயக்கத்தவர் ஒருவரையொருவர் அழைக்கும்போது ஸ்ரீ, திருவாளர் போன்ற அடைகளை விட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி ‘தோழர்’ என்றே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பொதுவுடைமைக் கட்சிகளில் இன்றும் ஆண், பெண் இருவருக்கும் அதுவே. ‘காம்ரேட்’ என்ற சொல்லின் மூலம் லத்தீனில் அறை என்று பொருள்படும் சொல். ஓர் அறையில் சேர்ந்து தங்குபவர் என்பதுதான் பழைய பொருள். மலையாளத்தில் ‘சகாவு’, அது ‘சகா’ என்ற வடசொல்லின் வழி வந்தது.

இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் படித்த ‘நேச நாடுகள்’ நினைவிருக்கிறதா? அதுவும் இந்த வகைதான். நேசம் ‘சிநேகம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. சிநேகத்துக்கு வடமொழியில் எண்ணெய்ப் பசை என்றும் ஒரு பொருள் உண்டு. எதிரே நின்றவர்கள் ‘அச்சு நாடுகள்’. அச்சு என்பது வண்டிச் சக்கரம் சுழலும் அச்சு.

வள்ளுவர் தோழமை, கூட்டணி என்ற இரண்டு சொற்களையும் இதற்குப் பயன்படுத்தவில்லை. அவருடைய சொல் ‘துணை’. ஒரு செயலில் இறங்குமுன் தன் வலிமை, பகைவன் வலிமையோடு ‘துணைவலி’யையும் எடைபோடச் சொல்கிறார் (471). அதைவிடக் கூர்மையானது 875 ஆவது குறள்: உனக்குத் துணை யாரும் இல்லை, பகையோ இரண்டு, நீ தனியாள் என்றால் அந்த இரண்டில் ஒன்றை இனிய துணையாக்கிக்கொள். ‘இன்துணை’ என்கிறார், அதுவும் பகைவனை! தொகுதிப் பங்கீடு பேசப் போகிறவர்கள் இந்தக் குறளை மனப்பாடம் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எந்தச் சொல்லை எழுதலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பழைய தொழில் விடவில்லை. செய்தியோ கட்டுரையோ எழுதினால் ‘கூட்டணிக் கட்சி’ என்று எழுதுங்கள். நீங்களே அந்தக் கட்சிக்காரர் என்றால் ‘தோழமைக் கட்சி’ உங்கள் உரிமை. எதை எழுதினாலும் நடுவில் ஒரு க் வரும். சுவரொட்டிகளில் பாதி அதை விழுங்கிவிடுகின்றன.