அப்பாவின் கோல்ஃப் மட்டைகளுக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: கப்பலில் இன்ஜினியராக இருந்த அப்பா போன வருடம் தவறிவிட்டார். 1980-களில் வெளிநாட்டில் அவர் வாங்கிய ‘பிங் ஐ 2’ கோல்ஃப் செட் பரணில் பையோடு கிடக்கிறது. காயலான் கடைக்காரர் மொத்தத்துக்கும் 500 ரூபாய் தருவாராம். அண்ணனோ இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, 80,000-க்குக் குறைந்து கொடுக்கவே கூடாது என்கிறார். உயில் இல்லை. அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான் வாரிசு. சரியான மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது? வரி கட்ட வேண்டுமா? படம் இணைத்திருக்கிறேன். – வாசகி, ராயபுரம்

பதில்: முதலில், காயலான் கடைக்குப் போடாதீர்கள். அவர் எடைக்கு விலை சொல்கிறார், அது அவர் தொழில். ஆனால் அண்ணன் சொல்லும் 80,000-உம் விலை இல்லை. யாரோ ஒருவர் கேட்கும் தொகை அது. இபே மாதிரி வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்று தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. அங்கே இதே மாடலில் ஐந்தாறு செட் என்ன விலைக்குக் கைமாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆக அதிகத்தையும் ஆகக் குறைவையும் அடித்துவிட்டு நடுவில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். டாலரை அப்படியே ரூபாயாக மாற்றிவிடக் கூடாது. அங்கிருக்கும் ஆளுக்கு நீங்கள் அனுப்பினால் கூரியர் செலவே பெரும்பகுதியைத் தின்றுவிடும். நம் ஊரில் ஓஎல்எக்ஸில் இதே வயதுள்ள செட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அது கேட்கும் விலைதான், பேரம் பேசினால் இறங்கும்.

‘ஐ 2’ 1982-இல் வந்த மாடல். நல்ல பேர் எடுத்தது, ஏராளமாக விற்றது. ஏராளமாக விற்றதாலேயே அரிய பொருள் என்று சொல்ல முடியாது. தலைப்பகுதி செம்பு நிறத்தில் இருந்தால் அது பெரிலியம் காப்பர் என்ற உலோகக் கலவை, சேகரிப்பவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். உங்கள் படத்தில் வெள்ளை நிறம், சாதாரண ஸ்டீல்.

இப்போது மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பழைய பாயை விரித்து வரிசையாக அடுக்குங்கள். தலையும் கம்பியும் சேரும் கழுத்தில் பொடி எழுத்தில் ஒரு சீரியல் நம்பர் இருக்கும். எல்லாவற்றிலும் அது ஒன்றாக இருந்தால் ஒரே செட்டாக வாங்கியது என்று அர்த்தம். அந்தக் காலத்திலேயே இதற்கு நிறைய போலி வந்தது, அதனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான். தலையில் இருக்கும் சின்ன வண்ணப் புள்ளி, தலையைத் தரையில் வைத்தால் கம்பி எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதைச் சொல்லும். கறுப்பு என்றால் சராசரி, பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். பிறகு கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ராயபுரம் உப்புக் காற்றில் பரணில் இத்தனை வருடம் இருந்திருக்கிறது. மேலோட்டமான துரு பரவாயில்லை, விரல் நகத்தில் பள்ளம் தட்டினால் அந்த மட்டைக்குப் பாதி விலைகூடச் சொல்லாதீர்கள். ரப்பர் பிடி கல்லு மாதிரி இறுகியிருக்கும். புதுப்பிடி போடும் செலவை வாங்குகிறவர் எப்படியும் கழிப்பார்.

துடைக்கிறேன் என்று உப்புத்தாளை மட்டும் எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். உடனே ஈரம் போகத் துடையுங்கள்.

அப்புறம், நேரில் ஒருவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே போகலாம். முழுப் பையையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இரண்டு மூன்று மட்டையும் மற்றதன் படமும் போதும். அங்கே கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் யாரிடமாவது கேட்டால், புதிதாகக் கற்பவர்கள் இதற்கு என்ன கொடுப்பார்கள் என்று சொல்லிவிடுவார். நீங்கள் விற்கப்போவது அவர்களிடம்தான். அதனால் அந்தத் தொகையை நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புவேன்.

வரி விஷயம் சுலபம். இந்தியாவில் வாரிசாக வந்த சொத்துக்கு வரி இல்லை, எஸ்டேட் டியூட்டியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கான இந்த மாதிரிப் பொருளை விற்றாலும் மூலதன ஆதாய வரி வராது. நகை, ஓவியம் போன்றவற்றுக்குத்தான் அந்த விலக்கு கிடையாது.

பங்கு விஷயத்தில்தான் கவனமாக இருக்கச் சொல்வேன். உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. கண்டுபிடித்த விலையை மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அண்ணனுக்கு அது குறைவாகப் பட்டால் அவரே செட்டை எடுத்துக்கொண்டு, அதே விலையில் உங்களுக்கும் அம்மாவுக்கும் பங்கைக் கொடுக்கட்டும். அம்மா ஒரே ஒரு மட்டையை நினைவாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், பையில் இருக்கும் புட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளும் மட்டையை, கொடுங்கள். இரும்பு மட்டைகளின் வரிசையில் அது சேராது, எடுத்தாலும் செட்டின் விலை உடையாது.

வரிசை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு மட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. படத்தில் 3, 4, 5, 7, 8, 9 தெரிகிறது. 6 இல்லை. ஒரு எண் குறைந்தாலே வாங்குகிறவர் தயங்குவார். நாய் விரட்டவோ ஒட்டடை அடிக்கவோ யாராவது அதை எடுத்திருக்கலாம். விலை பேசப் போவதற்கு முன்னால் கதவு இடுக்கு, மொட்டை மாடி, அண்ணன் வீடு எல்லா இடத்திலும் தேடிவிடுங்கள்.