நியூயார்க்குக்கு முன் வார்டு அலுவலகம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்போர் குழு ஒன்றின் செயலாளர் நான். ஐ.நா. வளர்ச்சி இலக்குகள் பற்றிய கலந்தாய்வுக்கு ‘வறுமையில் வாழும் ஒருவரை’ அனுப்பும்படி ஒரு தொண்டு நிறுவனம் கேட்கிறது. முன்பு ஒருமுறை எங்கள் பெண்கள் அழுதுகொண்டே பேசினார்கள். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்; அதன்பின் ஒரு தகவலும் இல்லை. இந்த முறை போகலாமா?

பதில்: போகலாம், நிபந்தனையோடு. அழுகையைக் கேட்க ஆள் தேடுகிறார்கள் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். கொள்கையில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று கேட்க வருகிறார்கள் என்றால் தயாராகிப் போங்கள்.

ஐ.நா.வின் 17 இலக்குகள் 2015இல் ஏற்கப்பட்டவை. முன்னேற்றத்தை எடைபோடும் உயர்மட்டக் கூட்டம் ஆண்டுதோறும் ஜூலையில் நியூயார்க்கில் நடக்கிறது. தென்னாப்பிரிக்கா தன் மதிப்பாய்வு அறிக்கையை 2019இலும் 2024இலும் அங்கே வைத்தது. அறிக்கை அரசுடையது, கலந்தாய்வில் பேசியதில் எதைச் சேர்ப்பது என்பதும் அரசின் கையில்தான். ஐ.நா. அங்கீகரித்த ஒன்பது முதன்மைக் குழுக்களில் பெண்கள், விவசாயிகள், தொழிலாளர்கள், வணிகர்கள் எல்லாரும் உண்டு. ஏழைகளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. அவர்களுக்காகப் பேச எப்போதும் வேறொருவர் இருப்பார். ஆகவே அழைத்தவர்களிடம் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்: அறிக்கையை எழுதுவது யார், கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது, வரைவு எங்கள் பார்வைக்குத் திரும்பி வருமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

உலக இலக்கு ஒன்று உள்ளூருக்கு இறங்கும்போது என்ன ஆகும் என்பதற்கு டர்பனே சாட்சி. 2020க்குள் குறைந்தது 10 கோடி சேரிவாசிகளின் வாழ்வை மேம்படுத்துவது ஐ.நா.வின் முந்தைய புத்தாயிர இலக்குகளில் ஒன்று. இங்கே அது சேரி ஒழிப்பாக வந்து இறங்கியது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணம் 2007இல் இயற்றிய சேரி ஒழிப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, குடிசைவாசிகளை வெளியேற்ற வழக்குப் போடும்படி நில உரிமையாளர்களையும் மாநகராட்சிகளையும் கட்டாயப்படுத்த வழிவிட்டது. 2005இல் டர்பனில் தொடங்கிய அபாஹ்லாலி பாசேம்ஜோன்டோலோ என்னும் குடிசைவாசிகள் இயக்கம் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2009 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. அவர்கள் தங்கள் துயரத்தைப் பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. எந்தப் பிரிவு தங்களைத் தெருவில் தள்ளும் என்று விரல் வைத்துக் காட்டினார்கள்.

உங்களுக்கும் அப்படி விரல் வைக்க ஓர் இடம் வேண்டும். அது பெரும்பாலும் மாநகராட்சியில்தான் கிடைக்கும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டைக் குறைந்தது 90 நாள் முன்னதாக மன்றத்தில் வைக்க வேண்டும், நடைமுறையில் மார்ச் முடிவதற்குள். உடனே அதை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்பதும், வந்த கருத்துகளைப் பரிசீலிப்பதும் 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதிச் சட்டப்படி கடமை. மாநகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் ஆண்டுத் திருத்தமும் அதே காலத்தில்தான் வரும். பலருக்குத் தெரியாத ஒன்று: எழுதத் தெரியாதவர் அலுவலக நேரத்தில் நேரில் வந்து சொன்னால் ஊழியர் ஒருவர் எழுதித் தர வேண்டும், இதை அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டம். உங்கள் பாட்டிமாரை அழைத்துப் போங்கள், பதிவுக்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். அதே நகலைக் கலந்தாய்விலும் கொடுங்கள். கண்ணீரை மறந்துவிடுவார்கள், முத்திரை விழுந்த காகிதத்தை அவ்வளவு சுலபமாக மறக்க முடியாது.

பேசுவதற்கு முன் உங்களுக்குள் தனியாகக் கூடுங்கள். வங்கதேசம், பொலிவியா, தான்சானியா, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏடிடி நான்காம் உலகம் என்னும் வறுமை எதிர்ப்பு அமைப்பும் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களும் நடத்தி 2019இல் வெளியிட்ட வறுமை ஆய்வில், வறுமையில் வாழ்வோர் முதலில் தமக்குள் பேசி முடித்த பிறகே பேராசிரியர்களோடும் பணியாளர்களோடும் உட்கார்ந்தார்கள். அலுவலகங்களில் கிடைக்கும் அவமதிப்பும் வறுமையின் ஒரு முகம் என்று அந்த ஆய்வு பதிவு செய்தது. மானிய வரிசையில் நின்றவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. வருமானக் கணக்கில் மட்டும் இது தெரியாது.

அந்தக் கூட்டத்துக்குப் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடுங்கள். தமிழர்களான நாம் மட்டும் போய்ச் சாட்ஸ்வர்த்தின் ஏழைகள் சார்பில் பேசுவது, நாம் மற்றவர்களிடம் காணும் குறையை நாமே செய்வதாகும். அவர்களுக்காக ஜூலு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்.

பேச்சாளரின் டாக்ஸிக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் அழைத்தவர்களே முன்கூட்டித் தர வேண்டும். கேட்பதில் வெட்கம் எதற்கு? அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லாரும் சம்பளத்தோடுதான் வந்திருப்பார்கள். படத்துக்கும் பெயருக்கும் தனித்தனியாக ஒப்புதல் எழுதிக் கொடுங்கள். தனியுரிமைச் சட்டப்படி அந்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். ஒருவரை அனுப்பாமல் இருவரை அனுப்புங்கள்: ஒருவர் பேசட்டும், மற்றவர் யார் என்ன வாக்குறுதி தந்தார்கள் என்று பெயரும் தேதியும் போட்டு எழுதிக்கொள்ளட்டும்.