வெளியில் ஆமை அடைப்புக்குத் தரையாக எம்-சாண்ட் போடலாமா?

வேண்டாம். ஆற்று மணலும் வேண்டாம். பாலக்கோட்டில் புது வீட்டுக்குப் பின்னால் சுல்காட்டா ஆமைக்கு அடைப்பு கட்டுவதாகவும், கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட் குவிந்து கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். என் சுல்காட்டா உள்ளங்கை அளவு இருந்தபோது நானும் மணலில்தான் விட்டேன். பாலைவனத்து ஆமை, மணல்தான் சரி என்று கடையில் சொன்னார்கள். உண்மையில் அதன் சொந்த இடம் சகாராவுக்குத் தெற்கே இருக்கும் சாகேல். புல்லும் முள்மரமும் உள்ள வறண்ட நிலம் அது. ஒரு நாள் ஆமை தின்பதை நிறுத்தியது. ஐந்து நாளாக மலமும் கழிக்கவில்லை. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். குடல் நெடுக வெள்ளையாக மணல். தீனியோடு ஒட்டிக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. மருந்து கொடுத்து, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். ஒன்பதாம் நாள் விரல் நீளத்துக்குக் கழிந்தது. எடுத்து நசுக்கிப் பார்த்தால் முக்கால்வாசி மணல். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எம்-சாண்ட் இன்னும் மோசம். உடைத்த கல் என்பதால் ஒவ்வொரு துகளும் முனையோடு இருக்கும், தூசியும் கிளம்பும். ஜல்லி, சிமென்ட் தளம் இரண்டும் அடியோட்டைத் தேய்த்துவிடும். மரத்தூளும் வேண்டாம், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

சரி, எதைப் போடலாம்? நம் ஊர் செம்மண்தான். ஆனால் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். மாந்தோப்பு மண் வேண்டாம், பூப்பூக்கும் பருவத்தில் மாற்றி மாற்றி மருந்து அடிப்பார்கள். கரையான் மருந்து ஊற்றிய அஸ்திவாரத்து ஓர மண்ணும் கூடாது. பயிர் வைக்காத மேட்டுநிலத்து மண்ணைச் சலித்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கொட்டி, ஒரு பக்கம் சரிவு கொடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் ஆமையின் அடி ஓடு அழுகும். மேலே அறுகம்புல் நட்டுவிடுங்கள். தரையே தீனியாகவும் ஆகிவிடும். ஓரத்தில் அரளி, உண்ணிச்செடி முளைத்தால் வேரோடு பிடுங்குங்கள், இரண்டும் விஷம்.

குட்டி ஆமைக்கு ஒரு மூலையில் ஈரப்பதம் வேண்டும். எப்போதும் காய்ந்த இடத்திலேயே வளர்ந்தால் ஓடு கூம்பு கூம்பாக எழும்பும். தென்னை நார்த்தூளை மூன்று முறை அலசி உப்பை நீக்கி, செம்மண்ணோடு கலந்து, நிழல் கூரைக்கு அடியில் மட்டும் போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது.

தீனியை மண்ணில் போடாதீர்கள். பட்டறைகளில் கிரானைட் துண்டுக் கல் கிடைக்கும். பாலிஷ் போட்ட பக்கம் கால் வழுக்கும், சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்து அதில் தீனி போடுங்கள். நகமும் தானாகத் தேயும். கல் நிழலில் இருக்கட்டும், சித்திரை வெயிலில் அது தோசைக்கல். அப்படியும் ஆமை மண்ணைத் தேடித் தேடித் தின்றால் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கலாம், ஒரு கணவாய் மீன் ஓடு போட்டு வையுங்கள்.

இது வளை தோண்டும் இனம், வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். அதனால் சுற்றுச்சுவரை மண்ணுக்குள் இரண்டு அடியாவது இறக்குங்கள். மார்கழி இரவுகளில் சூடு வைத்த அறைக்குள் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டு இனம் என்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் தேவை. உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

அப்புறம், வேலை நடந்த இடம் என்பதால் மண் கொட்டுவதற்கு முன்னால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கை நிறைய ஆணியும் கட்டுக்கம்பித் துண்டுகளும் வந்தன. கண்ணாடிச் சில்லு காந்தத்தில் ஒட்டாது, அதைக் காலை வெயிலில் குனிந்து பார்த்துத்தான் பொறுக்க வேண்டும்.